பத்து வருஷத்துக்கு ஒரு பெயர்

காஞ்சிபுரம்,
18.8.2002

அன்புள்ள ஸுதர்சனுக்கு,

விமல்ராஜ் எழுதுவது. உன் அம்மா நன்றாக இருக்கிறார். முழங்கால் வலிக்கு மாற்றிக் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்கிறது. நான் நன்றாக இல்லை. இதை மெயிலில் அனுப்பினால் ஆபீஸ் நேரத்தில் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு மூடிவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். உட்கார்ந்து படி.

நம் வெப்சைட்டின் பெயர் பறிபோனதைப் பற்றி நீ போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சின்ன விஷயம்டா, வேற பேர் வாங்கிக்கலாம்" என்றாய். பிறகு மெயிலில், இப்போதைக்கு ஒரு வருஷத்துக்குப் பதிவு செய்கிறேன், அப்புறம் பார்க்கலாம், பத்து வருஷம் கழித்து இந்த டாட் காம் எல்லாம் இருக்குமா என்றே தெரியாது என்று எழுதியிருந்தாய். இங்கே நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. நான் சொல்ல ஆரம்பித்தபோது உனக்கு வேறு போன் வந்துவிட்டது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம். சித்தி வீட்டு விசேஷத்துக்காக நான் வாலாஜாபாத் போயிருந்தேன். என் பிரவுசிங் சென்டரில் அபிநயா இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆன பெண். தென்னேரியிலிருந்து தர்மன் என்று ஒரு லோடு வேன் டிரைவர் ஓடி வந்தார். அவருடைய தங்கை சம்பூர்ணத்துக்கு அன்று காலையில் பிரசவம் ஆகி, ரத்தப்போக்கு நிற்கவில்லை. பி நெகட்டிவ் ரத்தம் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ரத்தம் கொடுப்பவர்களின் பெயரும் போன் நம்பரும் கிடைக்கும் என்று அங்கே சுவரில் நாம் எழுதிவைத்திருந்தோமே, காஞ்சிகுருதி டாட் காம், அதைப் பார்த்துத்தான் வந்தார்.

அபிநயா அந்தப் பெயரைத் தட்டினாள். திரை முழுக்க அம்மணப் படங்கள். ஒன்றை மூடினால் இரண்டு திறந்தன. பக்கத்து நாற்காலிகளில் கல்லூரிப் பெண்கள். "உயிரு போய்க்கினு இருக்குது, இன்னாமா காட்டுற நீ" என்று கத்தி, தர்மன் மானிட்டரைத் தள்ளி உடைத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் உடைத்திருப்பேன்.

நான் திரும்பி வருவதற்குள் சம்பூர்ணத்தைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிழைத்துவிட்டாள். குழந்தையும் நன்றாக இருக்கிறது. ஆனால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ரத்தம் சீக்கிரம் கிடைத்திருந்தால் எடுக்காமல் இருந்திருக்கலாமா என்று அங்கே போய் டாக்டரிடம் கேட்டேன். அவர் கேஸ் ஷீட்டை மூடிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவளுக்கு இருபத்திரண்டு வயது. இதையும் சின்ன விஷயத்தில் சேர்ப்பாயா?

அபிநயாவை அவள் அப்பா மறுநாளே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். இந்த மாதிரிப் படம் காட்டுகிற கடையில் என் பெண்ணை உட்கார வைத்தாயே என்று தெருவில் நின்று கேட்டார். அந்தப் பெண் அவர் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் செய்த தப்பு என்ன?

அந்த வாரமே முசரவாக்கத்திலிருந்து பஞ்சாட்சரம் வந்தார். அவரையாவது நினைவிருக்கிறதா? உன் அம்மாவின் ஆபரேஷனின்போது பி நெகட்டிவ் தேடி ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் கழனியில் நெல் அறுத்துக்கொண்டிருந்த அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தோம். சேற்றுக் காலோடு படுத்து ரத்தம் கொடுத்தார். இனி யாரும் இப்படி அலையக் கூடாது என்று அன்றைக்குச் சொன்னவன் நீ. அவர் பெயரைத்தான் பட்டியலில் முதல் பெயராக ஏற்றினோம். இந்த முறை அவர் கடைக்குள் வந்து உட்காரவில்லை. "அன்னிக்குப் பூரா ஊட்லதாம்பா இருந்தேன். பக்கத்து ஊட்ல போன் இருக்குது. ஒருத்தரும் கூப்புடல. அப்புறம் எதுக்கு என் பேரை எழுதி வாங்குனீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். உன்னிடம் பதில் இருந்தால் எழுது.

உன் விளக்கம் எனக்குத் தெரியும். பெயரைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் நீ விட்டுவிட்டுப் போன பழைய கம்பெனி முகவரிக்குப் போயின. வேலை மாறியபோது பேங்குக்குச் சொன்னாய், வீட்டுக்காரருக்குச் சொன்னாய், போன் கம்பெனிக்குச் சொன்னாய். நமக்குப் பெயரை விற்றவர்களிடம் சொல்லத் தோன்றவில்லை. கெடு முடிந்தது. இப்படிக் கைவிடப்பட்ட பெயர்களுக்காகவே காத்திருக்கிற எவனோ எடுத்துக்கொண்டான். பட்டியல் பத்திரமாக இருக்கிறது, அதற்குப் போகிற வழிதான் இப்போது அவனிடம். இங்கே எங்கள் யாரிடமும் கிரெடிட் கார்டு இல்லாததால்தான் உன் பேரில் வாங்கச் சொன்னோம். "என்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்டா" என்று வெளிநாட்டுக்குக் கிளம்பின அன்று ஏர்போர்ட்டில் சொன்னாய்.

பத்து வருஷம் கழித்து இதெல்லாம் இருக்குமா என்று நீ கேட்பது நியாயம்தான். பெயர் விற்கிற கம்பெனியே மூடிப்போகலாம். வேறு ஏதாவது வந்து இந்தப் பெயருக்கே வேலை இல்லாமல் போகலாம். வீணாய்ப் போனால் போகட்டும். ஆனால் வருஷாவருஷம் பதிவு செய்வது என்றால், வருஷத்தில் ஒரு நாளாவது உனக்கு எங்கள் நினைப்பு வர வேண்டும். அதை நம்பி இன்னொருத்தர் வீட்டுப் பெண்ணை ஆஸ்பத்திரிக் கட்டிலில் காக்க வைக்க என்னால் முடியாது.

ஆஸ்பத்திரிச் சுவர், பஸ் ஸ்டாண்டு, ஆட்டோக்களின் பின்பக்கம், எல்லா இடத்திலும் பழைய பெயர் இருக்கிறது. கருட சேவைக் கூட்டத்தில் ஊர் ஊராக வந்தவர்களிடம் கொடுத்த நோட்டீஸை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை. நானும் தர்மனும் சுவர் சுவராகச் சுண்ணாம்பு அடித்து அழித்துக்கொண்டிருக்கிறோம். ஆமாம், மானிட்டரை உடைத்த அதே தர்மன்தான். ஒரு நாள் தானாக வந்து, "கோவத்துல செஞ்சிட்டம்பா, மனசுல வெச்சிக்காத" என்று சொல்லிவிட்டு என் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார். உன்னிடமிருந்து இன்றுவரை அப்படி ஒரு வார்த்தை வரவில்லை.

புதுப் பெயரை முடிவு செய்துவிட்டோம். அதே காஞ்சிகுருதிதான், டாட் ஆர்க். பத்து வருஷத்துக்குப் பதிவு செய். தொடர்புக்கு உன் மெயிலோடு என் மெயிலையும் கொடு. பாஸ்வேர்டை எனக்கு அனுப்பு. முடியாது என்றால் நேராகச் சொல்லிவிடு. கார்டு வைத்திருக்கிற வேறு ஆளைத் தேடிக்கொள்கிறேன். பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதே. அந்த வார்த்தை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

இன்னும் ஒன்று. வெள்ளிக்கிழமை வழக்கம்போல் சின்ன காஞ்சிபுரம் போனேன், உன் அம்மா உனக்குச் சொல்கிற மெயிலை எழுதிக்கொண்டு வர. சம்பூர்ணத்தின் விஷயம் மாமியின் காதுக்கு எப்படியோ போயிருக்கிறது. நான் உட்கார்ந்ததும், "இந்தத் தடவை எத்தனை வருஷத்துக்கு வாங்கறான்?" என்று கேட்டார். உன்மேல் இத்தனை கோபம் இருந்தும் ஒரு வருஷம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்து என்றேன்.

மாமி, "பத்தா? அப்போ அவன் இந்த ஊரை விட்டுடலைடா விமல்" என்றார். மெயிலில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "உடம்பைப் பாத்துக்கச் சொல்லு, வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். எப்போது வருவாய் என்று ஒவ்வொரு வாரமும் எழுதச் சொல்கிறவர், இந்த வாரம் அதைச் சொல்லவில்லை.

அவரிடம் என்னைப் பொய்யனாக்கிவிடாதே. பத்து என்றே பதிவு செய்.

இப்படிக்கு,
இன்னும் உன் நண்பன்,
விமல்ராஜ்