ஒரு விரல் இடைவெளி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற ஏழு மாதத்து உயிரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியை எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அந்த வரி வரவில்லை. நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் முதலில் உட்கார். மாப்பிள்ளை வீட்டில் இருந்தால் அவரையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள். பயப்படாதே என்று எழுதலாம், ஆனால் நானே பயந்துபோய்த்தான் இருக்கிறேன்.

ஐந்து நாளாக உன்னிடம் போனில் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மா குளிக்கிறாள் என்றேன், கடைக்குப் போயிருக்கிறாள் என்றேன், தூங்குகிறாள் என்றேன். முந்தாநாள் நீ “எப்பக் கேட்டாலும் குளிக்கிறாளே, அம்மா என்ன தவளையா” என்று கேட்டுச் சிரித்தாய், நானும் சிரித்தேன். சிரித்து முடித்து போனை வைத்துவிட்டு இந்த ஆஸ்பத்திரி வராந்தாச் சுவரில் சாய்ந்து அழுதேன். அம்மா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். இருமல், காய்ச்சல் என்று ஆரம்பித்து இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவள்தான் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள், “புள்ளத்தாச்சி, பதறிடுவா” என்றாள். அந்தச் சத்தியத்தை இன்றைக்கு மீறுகிறேன், ஏனென்றால் உன்னால் மட்டும் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது. நடந்ததைச் சொன்னால்தான் அது உனக்கு விளங்கும், அதனால் பொறுமையாகப் படி. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் என் குரல் உடைந்தால் நீ பாதியிலேயே பெட்டியைத் தூக்கிவிடுவாய். போனில் தமிழ் அடிக்க எனக்கு வராது என்பதும் உனக்குத் தெரியும். எழுதி முடித்ததும் வார்டு நர்ஸ் இதைப் படம் பிடித்து அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நம் தெருவை நீ இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. கீழே ரயில் விடப்போகிறோம் என்று தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஒரு வருடமாகப் புழுதி, அதோடு வழி மாற்றிவிட்ட பஸ்ஸும் லாரியும் நம் வாசலை உரசிக்கொண்டு போகின்றன. கட்டடத்தில் இருக்கிற பதினாறு வீட்டுக்காரர்களும் என்னிடம் வந்து, “ஜன்னலை இறுக்கிக் குடுங்க, தூசி தாங்கல” என்றார்கள். ஜன்னல் போடுகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். வீடு வீடாகப் போய்ப் பழைய சட்டத்தைக் கழற்றி, அலுமினிய ஃப்ரேம் போட்டு, ரப்பர் வைத்து, ஓரமெல்லாம் சிலிக்கான் பசை இழுத்தேன். வேலை முடிந்ததும் என் வழக்கப்படி தீக்குச்சியைக் கிழித்து ஓரத்தில் பிடித்துக் காட்டினேன். சுடர் ஆடினால் வேலை சரியில்லை என்று நானே கழற்றிவிடுவேன், உனக்குத் தெரியாததா. பதினாறு வீட்டிலும் சுடர் ஆடவில்லை. அதோடு விட்டேனா, மாடிப்படி உச்சியில் எந்தக் காலத்திலிருந்தோ திறந்து கிடந்த ஓட்டைக்கும் கண்ணாடி போட்டு மூடினேன், சாரல் படியில் விழுகிறது என்று. இனி நம் கட்டடத்துக்குள் ஈ காக்கை நுழையாது என்று அம்மாவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

பிறகு மழை பிடித்தது. பதினொரு நாள் விடவில்லை. விட்டதும் குளிரும் பனிமூட்டமும். ஒரு இலை அசையவில்லை, லாரிப் புகை மேலே போகாமல் தெருவிலேயே படுத்துக் கிடந்தது. குளிருக்கும் புகைக்கும் பயந்து ஒருவரும் ஜன்னலைத் தொடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் எல்லாம் விளையாட இடமில்லாமல் மாடிப்படியிலேயே கும்பலாக உட்கார்ந்தார்கள். முதலில் இருமியது மூன்றாம் மாடி டீச்சருடைய குழந்தை. அவர் வேலைக்குப் போகும்போது அதை அம்மாவிடம்தான் விட்டுவிட்டுப் போவார். “புள்ளைக்குக் காத்து படக்கூடாது” என்று அம்மா எல்லாவற்றையும் சாத்திவிட்டு அதை மடியில் போட்டுக்கொண்டு முன் அறையில் உட்கார்ந்திருந்தாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்தில் மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி, முதல் மாடி, கீழ்வீடு என்று ஆள் இறங்கி வருகிற மாதிரி இருமல் இறங்கி வந்தது. எனக்கு இரண்டு நாள் தொண்டை கரகரத்துவிட்டுச் சரியாகிவிட்டது. குழந்தையும் இப்போது ஓடியாடுகிறது, அந்த மட்டில் நிம்மதி. அம்மாவைத்தான் அது விடவில்லை.

இங்கே டாக்டர் ஒரு சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். “வீட்ல காத்தோட்டம் எப்படிங்க ஐயா” என்று கேட்டார். பழக்க தோஷம், “ஒரு பொட்டுக் காத்து உள்ள வராதும்மா, எல்லாம் நானே அடைச்சது” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, பொறுமையாகச் சொன்னார். இருமும்போது வருகிற கிருமி எல்லாம் உடனே கீழே விழுந்துவிடுவதில்லையாம், கண்ணுக்குத் தெரியாத துளியாக ரொம்ப நேரம் அறைக்குள்ளேயே மிதக்குமாம். ஜன்னல் திறந்திருந்தால் வெளியே போய்க் கரையும், அடைத்திருந்தால் ஒருவர் விட்ட மூச்சைத்தான் அடுத்தவர் இழுக்க வேண்டும். குளிர் வந்ததும் ஊரெல்லாம் இருமுவதற்குக் குளிர் மட்டும் காரணம் இல்லையாம், குளிருக்குப் பயந்து எல்லோரும் ஒரே அறைக்குள் அடைந்துகொள்கிறோமே, அதுவும்தானாம். புகையும் தூசியும் முன்னாலேயே நெஞ்சைப் புண்ணாக்கி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். “தொறந்தா புழுதி, மூடுனா கிருமி, நாங்க எங்கதாம்மா போறது” என்று கேட்டேன். தெருப் பக்கத்தை மூடுங்கள், பின்பக்கத்தைத் திறங்கள், லாரி குறைவாக ஓடுகிற நேரமாகப் பாருங்கள் என்றார். தொழிலுக்கு வந்து நாற்பது வருடம் ஆகிறது, இதை எனக்கு யாரும் சொன்னதில்லை, சொல்லியிருந்தாலும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டேன். எங்கே ஒட்டியது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது ஐயா என்று அந்தப் பெண் என்னைத் தேற்றிவிட்டுத்தான் போனார். எனக்குத் தெரியும் பாப்பா. உன் அம்மாவை இந்தக் கட்டிலில் கொண்டுவந்து போட்டவன் நான்தான்.

அதோடு முடியவில்லை. இந்த வார்டில் எட்டுக் கட்டில், எட்டிலும் இருமல். இங்கே இருக்கிற ஜன்னலும் நான் போட்டதுதான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஏசி வைக்கிறோம், யாரும் திறக்க முடியாதபடி பண்ணிவிடுங்கள் என்றார்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு ஸ்க்ரூ வைத்து முடுக்கினேன். அந்த ஏசி இப்போது பாதி நாள் ஓடுவதில்லை. இன்னொரு தொற்று சேர்ந்தால் அம்மாவின் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எந்த ஓரத்திலாவது துளி காற்று வருகிறதா என்று பார்க்க, யோசிக்காமல் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துவிட்டேன். ஆக்சிஜன் ஓடுகிற அறையில். நர்ஸ் பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டு, “ஐயா, எங்க எல்லாரையும் சேர்த்து அனுப்பிடலாம்னு பாக்கறீங்களா” என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் நின்ற நிலையைப் பார்த்து அவரே கட்டுத் துணியிலிருந்து ஒரு நூலை உருவிக் கையில் கொடுத்தார். அதை ஜன்னல் ஓரத்தில் தொங்கவிட்டேன். தொங்கினது தொங்கினபடி நின்றது. அவ்வளவு சுத்தமான வேலை.

டாக்டர் மேலிடத்தில் சண்டை போட்டு, பின்பக்க ஜன்னல் ஒன்றை மட்டும் கழற்ற அனுமதி வாங்கினார். அந்தப் பக்கம் லாரி இல்லை, இரண்டு மரமும் தண்ணீர்த் தொட்டியும்தான். நேற்றுக் காலையில் நானே ஸ்க்ரூவைக் கழற்றினேன். இரண்டு துருப்பிடித்து வரமாட்டேன் என்றது, உள்ளங்கை கிழிந்துதான் வந்தது. கண்ணாடியை நகர்த்தியதும் நூல் ஆடியது, எனக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அம்மா கண்ணைத் திறந்து, “என்னங்க, காத்து வருது, சாத்துங்க” என்றாள். சாத்தவில்லை என்றதும் மாஸ்க்கைப் பிடித்து இழுத்துவிட்டாள். அது முகத்தில் இல்லாவிட்டால் உதடு நீலமாகிவிடுகிறது, நர்ஸ் ஓடிவந்து ஜன்னலைச் சாத்திய பிறகுதான் மாஸ்க்கைப் போட விட்டாள். நேற்று மூன்று தடவை, இன்று மதியத்துக்குள் இரண்டு தடவை. கட்டிலைத் தள்ளிப் போடலாம் என்றால் ஆக்சிஜன் குழாய் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. காற்று நல்லதும்மா என்று நான் கெஞ்சினால், “நீங்கதான சொன்னீங்க, காத்து பட்டா ஆகாதுன்னு” என்கிறாள், அதையும் இரண்டு தடவை மூச்சு வாங்கிச் சொல்கிறாள். முப்பத்து நாலு வருடம் நான் சொன்ன எதையுமே கேட்காதவள் இந்த ஒன்றை மட்டும் கேட்டு வைத்திருக்கிறாள். மற்ற ஏழு கட்டிலில் இருக்கிறவர்களும் அந்த ஜன்னலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள்.

நீ கிளம்பி வராதே. நான் டாக்டரிடம் கேட்டுவிட்டேன், வயிற்றில் பிள்ளையோடு இந்த மாதம் இந்த ஊருக்குள்ளேயே வரவேண்டாம், வார்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்றார். அம்மா தூக்கத்தில் உன்னைத்தான் கூப்பிடுகிறாள். வா என்று எழுத இந்தப் பேனா பத்துத் தடவை போய்விட்டது, போய்ப் போய்த் திரும்பி வந்தது. அவளுக்கு ஏதாவது ஆகி, அப்பா ஏன் என்னை வரவேண்டாம் என்றார் என்று நீ பிறகு கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. இருந்தாலும் வராதே.

நான் கேட்கிற காரியம் இதுதான். சின்ன வயதில் ஜன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டுகிறது என்று நீ தூங்கமாட்டாய், ஞாபகம் இருக்கிறதா. அவள் சாத்துவாள், நீ திறப்பாய், நான் இரண்டு பேரையும் திட்டுவேன். கடைசியில் உங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. நீ சுண்டுவிரலை நீட்டி “ஒரு விரல்மா” என்பாய், அவள் உன் விரலை இடுக்கில் வைத்து அளந்து அந்த அளவுக்கு மட்டும் திறந்து வைப்பாள். நான் எழுந்துபோய்ச் சாத்தினால் பின்னாலேயே வந்து திறப்பாள், “பாப்பாகிட்ட சொல்லிட்டேன்ல” என்பாள். என் பேச்சை மீறி நம் வீட்டில் திறந்திருந்த ஜன்னல் அது ஒன்றுதான். இதைப் படித்ததும் அழுவதை அழுது முடி, முகம் கழுவு, தண்ணீர் குடி. பிறகு உன் குரலைப் பதிவு பண்ணி என் போனுக்கு அனுப்பு. உடம்பு எப்படிம்மா என்று ஆரம்பித்தால் உனக்குத் தொண்டை அடைத்துவிடும், நீ அழுவதை அவளும் கண்டுபிடித்துவிடுவாள். அந்தப் பழைய அதிகாரத்தோடு, தூங்கமாட்டேன் என்று அடம் பிடிப்பாயே, அந்தக் குரலில், ஒரு விரல்மா என்று சொல், அது போதும். ஜன்னலைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அவள் காதில் போட்டுக் காட்டுவேன்.

உனக்குப் பிறக்கப்போகிற பிள்ளை நல்ல காற்றோடும் நல்ல நெஞ்சோடும் பிறக்கட்டும், நீ சுகமாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, அம்மாவுடையதையும் சேர்த்தே எழுதுகிறேன். மாப்பிள்ளையிடம் நூலை ஜன்னல் ஓரத்தில் தொங்கவிட்டுப் பார்க்கச் சொல், ஆடவில்லை என்றால் எவ்வளவு குளிராக இருந்தாலும் தினமும் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். என் பேச்சைக் கேட்டு எதையாவது அடைத்து வைத்திருந்தால் இன்றைக்கே பிரித்துவிடு. குரலை அனுப்ப மறந்துவிடாதே. அவளிடம் ஒரு விரலுக்கு மட்டும் நீ அனுமதி வாங்கிக் கொடு பாப்பா, மீதியை அவள் கண் அசரும்போது நான் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜன்னல் பக்கத்தில் நிற்கும்
உன் அப்பா