பேட்டரி இல்லாத கேமரா

திருத்தங்கல்
கார்த்திகை மாதக் கடைசி வெள்ளி

அன்பு மகன் அழகுராஜாவுக்கு அம்மா வீரலட்சுமி எழுதுவது. இருக்கன்குடி மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தங்கச்சி முத்துமாரியும் முழுசாக இருக்கிறோம். நலம் என்றுதானே எப்போதும் எழுதுவாள், இதென்ன புதுசாக முழுசு என்று நீ நெற்றியைச் சுருக்குவது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. பதறாதே, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை, சோற்றில் கைவைத்தால் அந்த நினைப்பு, துணி அலசினால் அந்த நினைப்பு. நீ போனில் முகம் காட்டும்போதெல்லாம் சொல்லிவிடத்தான் வாயெடுப்பேன், உடனே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார், நானும் என்ன குழம்பு வைத்தேன் என்று பேச்சை மாற்றிவிடுவேன். எழுதினாலாவது மனசு ஆறுமா என்று பார்க்கிறேன். போலந்தில் பனி கொட்டுகிறது என்றாயே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, கூட இருக்கும் பையன்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், காதுவலி வந்தால் அவர்களா வந்து பார்ப்பார்கள்.

முத்துமாரியின் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார் சங்கரலிங்கம் சனிக்கிழமைதோறும் புகைப்பட வகுப்பு எடுக்கிறார் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். அதற்குச் செல்போன் கூடாதாம், பிலிம் போட்டு எடுக்கிற கேமராதான் வேண்டுமாம், பழசாக இருந்தாலும் போதுமாம். எனக்கு அப்போதே தூக்கிவாரிப்போட்டது. ஆடு மேய்க்கிறவர் கையில்கூட செல்போன் இருக்கிற காலத்தில் இதென்ன கூத்து, உங்க சாருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா என்று கேட்டேன். அதற்கு அவள், செல்லுன்னா நூறு எடுத்து நூறையும் அழிப்போமாம்மா, பிலிம்னா அமுக்குததுக்கு முன்னாடி யோசிப்போமாம், சார் சொன்னாக என்றாள். யோசித்துத்தான் அமுக்கினாள் மகராசி, அதை அப்புறம் சொல்கிறேன்.

விருதுநகர் தெப்பக்குளத்துப் பக்கம் கனகசபாபதி அண்ணாச்சி பழைய ரேடியோ, கடிகாரம், கேமரா எல்லாம் வாங்கி விற்கிறார், அங்கே மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். அவர் மூன்று கேமராவை எடுத்து வைத்தார். ஒன்று பிளாஸ்டிக்கில் இலேசாக, பளிச்சென்று வெளிச்சம் அடிக்கிற மாதிரி, எனக்கு அதுதான் பிடித்தது, தூக்கிக்கொண்டு திரிய வாகாக இருக்குமே என்று. அவள் அதைத் தொடவே இல்லை. இன்னொன்றில் வெளிச்சம் போதுமா போதாதா என்று காட்ட உள்ளே ஒரு முள் இருக்கிறது, படிக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் சௌகரியம் என்றார் அண்ணாச்சி. அதற்குப் பேட்டரி போட வேண்டும் என்றதும் அதையும் தள்ளி வைத்துவிட்டாள். மூன்றாவது நல்ல கனம், அம்மிக்குழவியைத் தூக்குகிற மாதிரி இருந்தது. இதில் பேட்டரியே கிடையாதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டாள். கிடையாது பாப்பா, ஆனா வெளிச்சத்த நீயாத்தான் கணிச்சு வைக்கணும், செரமப்படுவ என்று அவர் சொல்லியும் கேட்கவில்லை. கண்ணாடியை ஜன்னல் பக்கம் பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தாள், முதுகுக் கதவைத் திறந்து வைத்து அமுக்கி உள்ளே திரை சரியாகத் திறந்து மூடுகிறதா என்று பார்த்தாள், கதவு ஓரத்து ஸ்பாஞ்சைக் கிள்ளினால் உதிர்கிறது, வெளிச்சம் உள்ளே கசியும், மாற்றித் தாருங்கள் என்று கறாராகக் கேட்டு மாற்றியும் வாங்கினாள். வாத்தியார் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

யாரும் சீண்டாத கேமரா என்பதால் மூன்றிலும் அதுதான் விலை குறைவு. பிலிம் விலையைக் கேட்டபோதுதான் எனக்கு மயக்கம் வராத குறை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவுக்கு ஒரே பெருமை. எம்மக சிக்கனக்காரி, காலத்துக்கும் பேட்டரிச் செலவு கெடையாது பாத்தியா என்றார். நானும் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தங்கத்திடம் போய் அளந்தேன். பதினாறு வயசுப் பிள்ளை மனசுக்குள் என்ன கணக்குப் போட்டு அந்தக் கேமராவை எடுத்தாள் என்று பெற்ற எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

விஷயம் என்னவென்றால், வேலை செய்கிற ஒருவரைப் படம் எடுத்துவர வேண்டும் என்று வாத்தியார் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். மற்ற பிள்ளைகள் டீ மாஸ்டர், தையல்காரர், அச்சாபீஸ் ஆள் என்று முடிவு செய்துவிட்டார்கள். இவள் அப்பாவை எடுக்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். உனக்குத் தெரியாததா, பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற மனுஷர் வேலையைப் பற்றி வீட்டில் வாய் திறக்கவே மாட்டார். விடிவதற்கு முன்னே போவார், வெயில் ஏறுவதற்குள் கலவை வேலை முடியும், அங்கேயே தேய்த்துக் குளித்துவிட்டு வெள்ளை வேட்டியோடுதான் வாசலில் ஏறுவார். இவளிடம், அங்கன பேட்டரி உள்ள சாமான் எதையும் விடமாட்டாக தாயி, செல்லக்கூட கேட்டுலயே வாங்கி வச்சுக்கிடுவாக என்று சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். இவளோ, பேட்டரி இல்லாவிட்டால் விடுவார்கள் என்று எடுத்துக்கொண்டாள்.

தீபாவளிக்கு மூடிய கம்பெனியைத் திரும்பத் திறக்கிற அன்றைக்குப் பூசை போடுவார்கள் அல்லவா, குடும்பத்தோடு எல்லாரும் போய்ப் பொங்கல் சாப்பிட்டு வருவோமே, அதற்குத்தான் போனோம். கேட்டில் முனியசாமி அண்ணன் எல்லார் போனையும் வாங்கிப் பெட்டியில் போட்டார், ஆண்கள் மடியைத் தடவித் தீப்பெட்டி, பீடி பார்த்தார். இவளுடைய கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேட்டரியே இல்ல பெரியப்பா, பாத்துக்கோங்க என்று அடியையும் முதுகையும் காட்டினாள். அவரும் சிரித்துக்கொண்டே கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லாருக்கும் கேமராவில் பேட்டரி இருக்கிறதா என்பதில்தான் கண். அவள் உடுத்தியிருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. தீபாவளிக்கு எடுத்த நெட் துணிச் சுடிதார், மேலே ஜிகினா துப்பட்டா, சுத்த நைலான். பூசைக்குப் போகிறோமே, புதுசாக உடுத்து என்று நான்தான் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மருந்து இருக்கிற இடத்துக்குப் பருத்தி தவிர வேறு துணி ஆகாது, நைலான் உரசினால் பொறி பிறக்கும் என்று நம் ஊரில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நாங்கள் இருக்கப்போவது கேட்டுப் பக்கத்து வேப்பமரத்தடியில், அங்கே என்ன வந்தது என்று இருந்துவிட்டேன்.

பூசை முடிந்து நல்ல நேரம் போவதற்குள் முதல் கலவை போடுவது அந்தக் கம்பெனி வழக்கம், அப்பாவும் அவரோடு கலவை போடுகிற காமராஜும் இன்னொருத்தரும் மருந்து அறைக்குப் போய்விட்டார்கள். நான் இலையில் பொங்கல் வாங்கித் திரும்பினால் இவளைக் காணோம். இனி எழுதப்போவது காமராஜ் சொன்னது, எழுதவே கை வரவில்லை. அப்பா குனிந்து சலித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் விழுந்திருக்கிறது. நிமிர்ந்தால், நிலைச்சட்டத்தில் சாய்ந்துகொண்டு கண்ணில் கேமராவோடு இவள் நிற்கிறாள், துப்பட்டா காற்றில் ஆடிச் சட்டத்தில் உரசுகிறது. உள்ளே வருகிற ஆம்பளைகளே வாசலில் பதித்த செம்புத் தகட்டில் கைவைத்து, உடம்பில் ஏறியிருக்கிற கரண்டை இறக்கிவிட்டுத்தானே நுழைய வேண்டும். அப்பா கத்தவில்லையாம். கத்தினால் பிள்ளை துள்ளுவாள், துள்ளினால் துணி உரசும். சல்லடையைப் பூப்போலக் கீழே வைத்துவிட்டு எழுந்து, நின்ற இடத்திலேயே நின்று ஒரு கையை நீட்டி, அப்படியே நில்லு தாயி, அசையாத என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார். இவள் என்ன நினைத்தாளோ, கிளிக் என்று அமுக்கிவிட்டாள். அந்தச் சத்தத்துல எங்க உசுரு போயிட்டுத்தான் வந்துச்சு மதினி என்கிறான் காமராஜ். அவளைத் தொட்டுப் பிடித்துக்கொண்டு வரவும் முடியாது, அப்பா உடம்பெல்லாம் மருந்து. பின்னால போ தாயி, இன்னும் பின்னால, திரும்பாத என்று சொல்லிச் சொல்லியே நீட்டின கையோடு தள்ளி நின்று அவளை வெளியே நடத்தியிருக்கிறார்.

அவர்கள் மரத்தடிக்கு வந்தபோது எனக்கு அப்பாவை அடையாளமே தெரியவில்லையடா. அலுமினியப் பொடி அப்பி, தலைமுடி, புருவம், உதடு எல்லாம் வெள்ளி நிறம். யாரோ ஒருத்தன் என் பிள்ளையை ஓட்டிக்கொண்டு வருகிறான் என்று நினைத்தேன். கட்டிக்கொண்டு இத்தனை வருஷமாச்சு, உன்னைப் பெற்று வளர்த்து அயல்நாடு அனுப்பியாச்சு, என் புருஷன் வேலையில் எப்படி இருப்பார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நடந்ததைக் கேட்டதும் அவளை ஓங்கி அறைந்தேன், அடுத்த நொடியே கட்டிக்கொண்டு அழுதேன். அவள அடிக்காத, மொதல்ல அந்தத் துணிய மாத்து என்றார் அப்பா. அப்போதுதான் துணி என் கண்ணில் பட்டது, நான் எடுத்துக் கொடுத்த துணி. ஏண்டி இப்படிப் பண்ணின என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். அப்பா என்ன வேல பாக்காகன்னு நான் ஒரு நாள்கூடப் பாத்தது இல்லம்மா என்றாள்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாளும் அவர் வேலைக்குப் போனார், அதற்கு மறுநாளும் போனார். சாப்பாட்டில் ரசம் ஊற்றினால் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். சட்டைப் பொத்தானை மாட்ட வெகுநேரம் ஆகிறது. ஏங்க, கை ஏன் இப்படி ஆடுது என்றேன், வயசாகலையா என்றார். மருந்தில் வைக்கிற கை ஆடலாமா, உங்களோடு இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களே, கொஞ்ச நாள் நில்லுங்கள் என்று எவ்வளவோ கெஞ்சினேன். சீசன் ஆர்டர் வந்தாச்சு, எனக்குப் பதிலா யாரு இருக்கா, நீ பேசாம இரு என்று எரிந்து விழுந்தார். அவர் போய்த் திரும்புகிற வரைக்கும் நான் வாசலை விட்டு நகர்வதில்லை. எங்கேயோ கல்லுடைக்க வெடி வைத்தால்கூடத் தெருமுனைக்கு ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

போன சனிக்கிழமை முத்துமாரி பள்ளிக்கூடத்து இருட்டறையில் அந்தப் படத்தைக் கழுவிக் கொண்டுவந்தாள். நான் கிழித்துப் போடத்தான் கையை நீட்டினேன், பார்த்ததும் முடியவில்லை. பின்னால் காமராஜ் வாயைத் திறந்தபடி நிற்கிறான், அவன் சட்டைப் பொத்தான்கூடத் தெரிகிறது. முன்னால் அப்பா, அந்தக் கண்ணைப் பற்றி நான் எழுத மாட்டேன். நீட்டிய கை மட்டும் தெளிவில்லாமல் புகை மாதிரி இருந்தது. அப்பா வாங்கி வெகுநேரம் பார்த்தார். இது ஏன் தாயி கலங்கியிருக்கு, கேமராக் கோளாறா என்று கேட்டார். அவள் சூதுவாது இல்லாமல், கோளாறுன்னா எல்லாமே கலங்கிருக்கும்லப்பா, காமராஜ் மாமா தெளிவாத்தான இருக்காக, உள்ள வெளிச்சம் கம்மின்னு திரைய மெதுவாத் தொறந்து மூடுத மாதிரி வச்சிருந்தேன், அதுக்குள்ள உங்க கை நடுங்கிருக்கு, அதான் என்றாள். கையே படத்துக்கு உயிர் என்று சார் பாராட்டினாராம். அப்பா படத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தார். இந்தக் கைய வச்சுக்கிட்டா இம்புட்டு நாளா மருந்தத் தொட்டேன், அவனுக ரெண்டு பேரும் பிள்ளகுட்டிக்காரனுகல்லா என்றார். நான் கெஞ்சியும் கேட்காதவர், அந்தப் படம் சொல்லிக் கேட்டார். திங்கட்கிழமை காலையில் மருந்து அறைப் பக்கம் போகாமல் நேரே முதலாளி சபரிநாதன் முன்னால் போய் நின்று, இனிமே நான் கலவைக்கு ஆக மாட்டேன் முதலாளி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பொங்கல் கழித்துப் பேக்கிங் பக்கம் ஏதாவது பார்ப்போம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார், அதுவரைக்கும் வீட்டில்தான்.

எனக்கு உயிர் வந்தது என்று நினைத்தேன். ஆனால் இவர் இப்போதும் இருட்டோடு எழுந்து குளித்து, சட்டை மாட்டிக் கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறார். ஆறு மணிக்குக் கம்பெனி வேன் தெருமுனையில் ஆரன் அடிக்கிறது. சட்டென்று எழுந்து நிலைப்படி வரைக்கும் போகிறார், வேன் போய்விடுகிறது, அங்கேயே நிற்கிறார். அந்த நேரத்தில் அவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. முத்துமாரியும் அறையை விட்டு வருவதில்லை. படத்தில் ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன், தனியாக இருக்கும்போது பார், பார்த்ததாக அப்பாவிடம் சொல்லாதே. அவளையும் திட்டாதே, வகுப்புக்குப் போக மாட்டேன் என்று கேமராவைப் பரணில் போட்டிருக்கிறாள், போகச் சொல்லி நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்.

மாரியம்மன் உன் கை கால் சுகத்துக்குக் காவல் இருப்பாள், நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறந்துவிடாதே. இங்கே காலை ஆறு மணி என்றால் அங்கே உனக்கு நடுச்சாமம் என்று தங்கச்சி கணக்குப் போட்டுச் சொன்னாள், வேலை செய்து அலுத்துத் தூங்குகிற பிள்ளையை எழுப்பச் சொல்ல எனக்கு மனசே இல்லை. ஆனாலும் பொங்கல் வரைக்கும் அந்த நேரத்துக்கு எழுந்து அப்பாவுக்குப் போன் போடுடா, வேன் போகிற வரைக்கும் ஏதாவது பேசிக்கொண்டிரு.

உன் அம்மா
வீரலட்சுமி