கூழுக்கு ரேட்டு போட்டவன்

ஊத்துக்கோட்டை,
ஆடிக் கடைசி புதன்

அன்பு ஷைனிக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் பிள்ளை ஹெலனும் சௌக்கியம். மஸ்கட் வெயிலில் நீயும் சௌக்கியமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். நேற்றுகூடப் போனில் பேசியவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நடுவில் சிரித்தே என் கதையைக் கெடுத்துவிடுவாய். இல்லாவிட்டால் வார்டில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுவாய். இதை நீ முழுசாகக் கேட்டே ஆக வேண்டும். லீவுக்கு வந்த சாம்சன் வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறான். நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

உன் ஆஸ்பத்திரி ஒப்பந்தம்தான் எந்நேரமும் என் நினைப்பில் இருக்கிறது. நம் வீட்டு மாடியில் ஆரம்பித்த விருந்தினர் விடுதி ஒழுங்காக ஓடினால் நீ மறுபடி கையெழுத்துப் போட வேண்டாம், ஊருக்கே வந்துவிடலாம் என்று சொன்னேன். நீ, “வரலாம், ஆனா அந்த ஊருக்கா?” என்று கேட்டாய். நான் உடனே தண்ணீர் மோட்டார் ரிப்பேர் என்று பேச்சை மாற்றினேன். மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் விடுதிச் செய்தி. சிறிய விடுதிக்காரர்களுக்குக் கைகொடுக்கும் அமைப்பிலிருந்து நந்தினி மேடம் மணவாள நகரில் இருந்து ஸ்கூட்டியில் வருகிறார் என்று சொன்னேனல்லவா. வந்த முதல் நாளே நான் மாட்டியிருந்த போர்டுகளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கும்மிடிப்பூண்டியில் இத்தனை வருஷம் ரோலிங் மில்லில் கிடந்தவனுக்கு வேறு என்ன தெரியும்? “பாதுகாப்பே முதன்மை”, “அனுமதியின்றி நுழையாதே”, போதாததற்கு விருந்தாளிகளுக்கு கேட் பாஸ். சைரன் ஒன்றுதான் பாக்கி. எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். பிளாஸ்டிக் பாட்டில் போய் மண்பானையும் சொம்பும் வந்தன. குளிக்கிற தண்ணீர் இப்போது வாழைக்குப் போகிறது. போனில் வரைபடத்தைத் திறந்தால் நம் வீடு தெரிகிறது, ஏரிப் பறவைகளின் படத்தோடு. சென்னையிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். குப்புராஜ் நாயக்கர் தன் வரப்பில் அவர்களை நடக்க விடுகிறார். அவருடைய அக்கா பூவம்மாள் சமைத்துத் தருகிறார். சமையல் அவர் வீட்டில்தான், பாத்திரம் நம் வாசல் வரைதான் வரும். அதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நான் சொந்த மூளையைச் செலவழித்தேன். ஆடி வந்தால் நம் ஊர் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்களே, அதைப் பார்க்க ஆள் வருவார்களே என்று நந்தினி மேடத்தைக் கேட்காமலே நம் விடுதியின் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டேன். தங்கும் இடம் இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, அம்மன் கூழ் ஒரு சொம்பு இவ்வளவு. மில்லில் ஒவ்வொரு சாமானுக்கும் தனி விலை எழுதிய பழக்கம். மாடி, மொட்டைமாடி எல்லாம் நிறைகிற அளவுக்கு ஆள் பதிந்தார்கள். நான் ராஜா மாதிரி மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

அது யார் போனிலோ பூவம்மாள் கண்ணில் பட்டுவிட்டது. நம் தெரு முனையில் நின்றுகொண்டு, “இன்னா ஜோஷ்வா, ஆத்தா கூழுக்கு ரேட்டு போட்டுகினு கீறியாமே?” என்று கேட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டார். மறுநாள் சாப்பாட்டுப் பாத்திரம் வரவில்லை. நாயக்கர் வரப்பில் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார். விடுதியும் போச்சு, நீ வருவதும் போச்சு என்று நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். ஹெலன்தான் நந்தினி மேடத்துக்குப் போன் போட்டாள்.

மேடம் வந்து முதல் வேலையாக அந்த விலையை எடுக்க வைத்தார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலடிக்குப் போனார். நான் மன்னிப்புக் கேட்டேன். மேடம் சமாதானம் எதுவும் பேசவில்லை. நாங்கள் எப்படி வந்தால் உங்களுக்குச் சரிப்படும் என்று பூவம்மாளைக் கேட்டார், அவ்வளவுதான். இத்தனை நாளில் எனக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி. பூவம்மாள் யோசித்துவிட்டுச் சொன்னார்: கூழ் ஊர் வீடுகள் எல்லாம் கொடுக்கிற கேழ்வரகு மாவில் காய்ச்சுவது. வருகிறவர்களும் முதல் நாளே மாவோடு வரட்டும். மாவு கொடுத்த வீடு பந்தியில் உட்காரும். யார் மேலாவது சாமி வந்தால் போனை எடுக்கக் கூடாது.

எல்லோருக்கும் அப்படியே எழுதிப் போட்டேன். காசைத் திருப்பிக் கேட்டு ஓடிவிடுவார்கள் என்று பயந்தேன். சிலர் வரவில்லை, உண்மைதான். முக்கால்வாசிப் பேர் சனிக்கிழமை மாலை மாவுப் பையோடு வந்து இறங்கினார்கள். பெரம்பூரிலிருந்து வந்த மங்களம் என்கிற அம்மா மட்டும், குழந்தைகளுக்குப் பாலில் கலக்கிக் கொடுக்கும் டப்பாவைக் கொண்டுவந்திருந்தார். கேழ்வரகுதான், ஆனால் சாக்லேட் கலந்தது. கோயிலடியில் ஒரே சிரிப்பு. நாயக்கர் வேண்டாம் என்றார். பூவம்மாளோ, “கொட்டுமா, ஆத்தாளும் ஒரு தபா துன்னு பாக்கட்டும்” என்று பானையைக் காட்டிவிட்டார். எல்லோரையும்விட நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்து, “ரொம்ப சிரிக்கிறீங்களே, உங்க வீட்டு மாவு எங்கே?” என்று கேட்டார்.

ஷைனி, அவருக்கு ஒன்றும் தெரியாது. கூழுக்காக வீடு வீடாக மாவு வாங்குகிறவர்கள் என் அப்பா காலத்திலிருந்தே நம் தெரு முனையோடு திரும்பிவிடுவார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். சிரிப்பு நின்றுவிட்டது. நாயக்கர் தரையைப் பார்த்தார். நந்தினி மேடம் என்னைப் பார்த்தார். நாங்கள் சர்ச்சுக்காரர்கள் என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பூவம்மாள், “இன்னாத்துக்கு நின்னுகினு கீற? போயி எட்த்துகினு வா” என்றார்.

வீட்டுக்கு ஓடினேன். அடைக்கு வைத்திருந்த கேழ்வரகு மாவை ஹெலன் டின்னோடு தூக்கிக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள். நாயக்கரே முறத்தை நீட்டினார். டின்னை அவசரமாகக் கவிழ்த்ததில் பாதி மாவு அவர் வேட்டியில் கொட்டியது. “பரவால்ல, போடு நைனா” என்றார். அவர் என்னை நைனா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது, மாவுத் தூசி கண்ணில் விழுந்ததாகச் சொன்னேன். யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடித்துவிட்டுத்தான் போனோம், கவலைப்படாதே. போதகர் ஐயா, கருவாட்டுக் குழம்பு உண்டா என்று மட்டும் கேட்டார். கூழில் லேசாகச் சாக்லேட் வாசம் வந்தது. பிள்ளைகள் இரண்டாம் தடவை கேட்டார்கள். சாமி வந்தபோது ஒரு போன்கூட வெளியே வரவில்லை. போனவர்கள் எல்லாம் நம் பக்கத்தில் நல்லதாக எழுதியிருக்கிறார்கள். மார்கழி வரை அறை இல்லை என்று சொல்லும்படி ஆகிவிட்டது. வரப்பில் முள் இல்லை. பாத்திரமும் வருகிறது.

ஒரு டின் மாவில் ஊர் மாறிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பாத்திரம் இன்னும் வாசலோடுதான் நிற்கிறது. கல்யாணமாகி வந்த முதல் ஆடியில் நீ ஆசையாகச் சொம்பெடுத்துக்கொண்டு போனதும், தள்ளி நிற்கச் சொன்னதும், வெறும் சொம்போடு திரும்பி வந்து நீ அதைத் தேய்த்துக்கொண்டே இருந்ததும் எனக்கு மறக்கவில்லை. அந்த ஊருக்கா என்று நீ கேட்டது நியாயம்தான்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு முடிவு செய். பந்தியில் ஹெலன் தன் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். யார் வந்தாலும், “எங்க அம்மாவுக்கு” என்று கையை விரித்து வைத்துக்கொண்டாள். பூவம்மாள் கூழோடு அங்கே வந்து நின்றார். தள்ளி உட்காரச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் அந்தக் காலி இடத்திலும் ஒரு சொம்பு வைத்து, நிறைய ஊற்றிவிட்டுப் போனார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வரத்தைச் சீக்கிரம் காட்டட்டும்.

உன்,
ஜோஷ்வா