சந்தனா சிவந்துபோன அமாவாசை

செஞ்சி,
ஞாயிறு காலை

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளுக்கும், நினைத்தால் மட்டும் தண்ணீர் விடும் எங்கள் தெருக்குழாய்க்கும் ஏக அதிபதியான உன் பெரியப்பன், கடலுக்கு அப்பால் குளிரில் விறைத்துக் கிடக்கும் மகள் திரிசலாவுக்கு எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். இந்தத் தடவை அதை வழக்கத்துக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே சுகம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. அஜித் உனக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டிருப்பான், உன் அண்ணன் எழுதினால் ரேஷன் கடை நோட்டீஸ் மாதிரி இருக்கும், என் வீரதீரத்துக்கு அதில் இடம் ஏது.

அமாவாசையன்று மத்தியானம் அவன் மகள் சந்தனாவுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. போன வருஷம் முதல் காய்ச்சலில் மூணு வாரம் நிற்க முடியாமல் போனாள், இரண்டாவதில் கழுத்தே நிற்கவில்லை. நீ போனில் அடம்பிடித்து மரபணு டெஸ்ட் எடுக்க வைத்தாய், நீ அங்கே லேப் குழாயில் ஊற்றிக் கொஞ்சிக்கொண்டிருக்கிற அதே நொதிதான் இவளுக்குச் சரியில்லை என்று ரிப்போர்ட் வந்தது. மூன்றாவது காய்ச்சல் என்ன பண்ணுமோ என்று எட்டு மாசமாக இந்த வீட்டில் ஒருத்தரும் தும்மக்கூட இல்லை, நான் ஒருநாள் தும்மப்போய் உன் பெரியம்மா இந்துமதி என்னை அனந்தபுரத்துக்கு நாடு கடத்தப் பார்த்தாள்.

மருந்து மந்திரி நான்தானே, காய்ச்சல் வந்தால் நியாசின் மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்துக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு என் சட்டைப்பையில்தான் இருந்தது. நாலு மணி மாத்திரையைக் கொடுத்தேன். அடுத்தது ராத்திரி எட்டு மணிக்கு. நம்ம ஜைன வீட்டில் பொழுது சாய்ந்தபிறகு யார் வாயில் என்ன போச்சு, அதனால் மகா புத்திசாலித்தனமாக அதையும் அஞ்சரைக்கே கொடுத்து முடித்துவிட்டேன். எதிர்வீட்டுக் கார் வந்து சேர்ந்து கிளம்புவதற்குள் குழந்தை மூஞ்சி, காது, கழுத்தெல்லாம் மிளகாய்ப்பழமாகச் சிவந்துபோச்சு. அய்யோ, இந்த மூணாவது காய்ச்சல் நேரா மூளைக்கே போயிட்டுதுன்னு நான் போட்ட சத்தத்தில் ராஜகிரிக் குரங்கெல்லாம் கிருஷ்ணகிரிக்குத் தாவியிருக்கும். ரோடெல்லாம் அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ். காரை ஓட்டிய எதிர்வீட்டு இராமச்சந்திரன், இன்னா சார் நோவு இது, காய்ச்சல்தானேன்னு கேட்டார். நானும் நீ சொன்னதையே மல்லாட்டை மண்டி வியாபாரி பாஷையில் சொன்னேன், ஒவ்வொரு செல்லிலும் சத்தைச் சுமக்கிற மூட்டைங்க கோடிக்கணக்கில் இருக்குது, சூடு ஏறினா அது மேல தண்ணி ஒட்டிக்கும், நனைஞ்ச மூட்டை உதவாது, நம்ம உடம்பில் அந்தத் தண்ணியைக் கழற்றி மூட்டையைத் திரும்பவும் உருப்படி ஆக்க ஒரு ஆள் உண்டு, இவளுக்கு அந்த ஆள் சரியில்லை, அதனால் மாத்திரை போட்டுப் புது மூட்டையா இறக்கிக்கிட்டே இருக்கணும் என்று. அவர் முன்னால் நின்ற பஸ்ஸுக்கு ஒரு ஹாரன் அடித்துவிட்டு, அப்போ நம்ம பஞ்சாயத்து ப்ளம்பர் மாதிரி ஆளுன்னு சொல்லுங்க என்றார். அழுதுகொண்டிருந்த அஜித்தே சிரித்துவிட்டான்.

ஆஸ்பத்திரி போவதற்குள் சிவப்பு பாதி இறங்கிவிட்டது. டாக்டரம்மா குழந்தையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வேளைக்கு ரெண்டு வேளை மருந்து போட்டா யாரா இருந்தாலும் இப்படித்தான் சிவப்பாங்க, இது நோய் இல்லை, நீங்க பண்ணினது, இனிமே இப்படிச் செய்யாதீங்க என்றார். பொழுது சாய்வதைச் சொன்னேன். மருந்து சாப்பாடாய்யா என்று கேட்டார். திரும்பிப் பார்த்தால் இந்துமதி, எங்க நைனா எழுபது வருஷம் பொழுது சாய்ந்தா சாப்பிடாத விரதம் இருந்தவர், அவரே இருமல் மருந்தை ராத்திரியில்தான் குடிப்பார், மருந்துக்கு சூரியனைப் பார்த்த முதல் ஜைனன் நீங்கதான்னு நர்ஸுங்க முன்னாலேயே சொல்லி என் சாம்ராஜ்யத்தைக் கவிழ்த்தாள். இப்போ எட்டு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.

காய்ச்சல் நூற்று மூன்றைத் தொட்டது. ட்ரிப்ஸ் ஏறியது, ரெண்டு நாள் நாங்க யாரும் அவள் காலைப் பார்க்கவே பயந்தோம். மூணாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். தொப்புனு ஒரு சத்தம். திறந்து பார்த்தால் கட்டிலில் குழந்தை இல்லை, ட்ரிப்ஸ் கம்பியை இழுத்துக்கொண்டு வராந்தாவில் போய்க்கொண்டிருக்கிறாள், பின்னாலேயே நர்ஸ், நர்ஸ் பின்னால் அஜித், அவன் பின்னால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நான்.

நீ ராப்பகலாக அந்தக் குழாய்களையே கட்டிக்கொண்டு கிடக்காதே, ஸ்வெட்டரை ரெண்டாகப் போடு, வேளைக்குச் சாப்பிடு, உன் அலாரமும் எட்டு மணிக்கே இருக்கட்டும், அப்போ இங்கே என்ன மணியோ தெரியாது, ஆனாலும் உன்னை நினைத்துக்கொள்வோம். நீ தொட்டதெல்லாம் துலங்கணும், எங்க ஆயுசும் சேர்ந்து உனக்கு இருக்கணும்.

மூன்று மலை இழந்த மன்னன்,
உன் பெரியப்பா நேமிராஜ்

பி.கு.: உன் லேப் சுவரில் ஒட்ட, சந்தனாவின் காலைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். பெருவிரலும் பக்கத்து விரலும்தான் இருக்குது. மீதியை வரையறதுக்குள்ள ஓடிட்டாள்.