வாணியின் காகிதங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸ்
10 மார்ச் 2024

அன்புள்ள புஷ்பவல்லி அக்காவுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் சுரேகா. போன சனிக்கிழமை கிள்ளானில் நடந்த 800 மீட்டர் ஓட்டத்தில் உங்கள் மகள் வாணியிடம் தோற்ற அர்ச்சனாவின் அம்மா நான். உங்கள் முகவரியைப் பள்ளி ஆசிரியர் கொடுத்தார். தொழிற்சாலையில் போனை லாக்கரில் வைத்துவிடுவீர்கள் என்றும் சொன்னார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் அன்று வேலையில் இருந்தீர்களாம். பார்த்திருக்க வேண்டும், அக்கா. வாணி பள்ளிக்கூடச் சப்பாத்தோடு ஓடி, என் மகளை இருபது மீட்டர் பின்னால் விட்டாள். ஓடி முடித்த அர்ச்சனா புல்லில் சாய்ந்துவிட்டாள். ஜெயித்தவள் திரும்பி வந்து, "படுக்காத லா, கால் பிடிச்சுக்கும், எழுந்து நட" என்று கையைப் பிடித்துத் தூக்கினாள். அதிலிருந்து என்னால் அவளை மறக்க முடியவில்லை.

அர்ச்சனா பயிற்சி எடுக்கும் கிளப்பில் பேசிவிட்டேன். சேர்த்துக்கொள்கிறார்கள். சனிக்கிழமைகளில் நானே பண்டமாரானுக்கு வந்து அழைத்துப் போகிறேன். பதிவுக்குப் பிறப்புப் பத்திர நகல் மட்டும் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
சுரேகா

பண்டமாரான்
17 மார்ச் 2024

மதிப்பிற்குரிய சுரேகா மேடம் அவர்களுக்கு,

உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. வாணிக்குப் படிப்பு போதும். ஓட்டமெல்லாம் எங்களுக்குச் சரிப்பட்டு வராது. இனிமேல் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
புஷ்பவல்லி

பிரிக்ஃபீல்ட்ஸ்
24 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒரு தடவை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இங்கே ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி, மனுக்களைத் தட்டச்சு செய்து நீதிமன்றத்தில் கொடுக்கும் வேலை. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது என் மேசைக்கு முன்னால் வந்து உட்காருவார்கள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நீங்கள் பயந்தீர்களோ என்று தோன்றுகிறது. நான் நினைத்தது தவறென்றால் மன்னித்துவிடுங்கள். சரியென்றால், பயிற்சிக்கு எந்தக் காகிதமும் வேண்டாம், கேட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு உங்கள் அடுக்குமாடிக்குக் கீழே கார் நிற்கும். வாணி இறங்கி வரவில்லை என்றால் திரும்பிப் போய்விடுவேன்.

சுரேகா

பண்டமாரான்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள சுரேகாவுக்கு,

வாணி மூன்று வாரமாக உங்கள் காரில் வருகிறாள். வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாமல் பேச்சு. அர்ச்சனா அதைச் சொன்னாள், இதைச் சொன்னாள், ஆன்டி பசியாற நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தார். இவ்வளவு பேசும் பிள்ளையா இவள் என்று எனக்கே ஆச்சரியம். உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை. நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

வாணி நான் பெற்ற பிள்ளை இல்லை. தெலுக் பங்லிமா காராங்கில் என்னோடு வேலை செய்த ஒரு பெண்ணின் குழந்தை. வேலைக்காக வேறு நாட்டிலிருந்து வந்தவள். தகப்பன் யார் என்று கடைசிவரை சொல்லவில்லை. குழந்தைக்கு நாற்பது நாள் ஆகும்போது, "அக்கா, ரெண்டு வாரம் பாத்துக்கோங்க, வந்துடறேன்" என்று கொடுத்துவிட்டுப் போனாள். பதினான்கு வருடம் ஆகிறது.

பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் பிறப்பைப் பதியலாம் என்று கிளம்புவேன். யாருடைய பிள்ளை என்று கேட்டுப் பிடுங்கிக்கொண்டால்? பஸ் நிறுத்தத்திலிருந்தே திரும்பிவிடுவேன். கிளினிக்கில் தடுப்பூசி போட்ட அட்டை மட்டும் இருக்கிறது. அதில் அம்மா என்று என் பெயர்தான் எழுதியிருக்கிறது. அதைக் காட்டிக் கெஞ்சித்தான் பள்ளியில் சேர்த்தேன். இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன். வாணிக்கு எதுவும் தெரியாது.

உங்களை நம்பி,
புஷ்பவல்லி

பிரிக்ஃபீல்ட்ஸ்
9 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

தேர்வு ஓட்டத்தில் வாணி முதலாவது, அர்ச்சனா நான்காவது. மாநில அணிக்கு மூன்று பேர்தான். வாணிக்கு அடையாள ஆவணம் இல்லாததால், தத்தெடுப்பு மனு போட்டதற்கான அத்தாட்சியாவது மாதக் கடைசிக்குள் வேண்டும் என்றார் அணி மேலாளர். அது கிடைக்காமல் போனதால் வாணிக்குப் பதிலாக அர்ச்சனாவை எடுத்தார்கள். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும்.

தெரியாதது ஒன்று இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தத்தெடுப்பு மனு தயாராகத்தான் இருந்தது. ஒன்பது நாள் என் மேசை டிராயரில் கிடந்தது. நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. வேலை அதிகம் என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன். வாணி விலகினால் என் மகளுக்கு இடம் கிடைக்கும் என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. பத்தாம் நாள் வெட்கம் தாங்காமல் ஓடிப்போய்க் கொடுத்தேன். அதற்குள் தேதி கடந்துவிட்டது.

நேற்று அர்ச்சனாவிடம் சொல்லிவிட்டேன். "அப்போ இந்த எடம் நான் ஓடி வாங்கல, நீங்க டிராயர்ல வெச்சு வாங்கிக் கொடுத்தீங்க. வாணி மூஞ்சிய எப்படிம்மா பாப்பேன்?" என்றாள். இன்று காலை அணிச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

மனு நடக்கும், அதற்கு நான் பொறுப்பு. இனி என் முகத்தில் விழிக்க உங்களுக்கு விருப்பமில்லை என்றால் வேறொரு கிராணி பார்த்துக்கொள்வார்.

சுரேகா

பண்டமாரான்
19 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சி சுரேகாவுக்கு,

ஏழு மாதம் பதில் எழுதாமல் இருந்தேன். கோபம்தான், பொய் சொல்லமாட்டேன். வாணி அந்த வாரம் முழுக்கச் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் அதற்கப்புறமும் சனிக்கிழமை ஏழு மணிக்கு உங்கள் கார் கீழே நின்றது. நான் மாடியிலிருந்து பார்ப்பேன். நீங்கள் நிமிர்ந்து பார்க்கவே மாட்டீர்கள்.

நீங்கள் ஒன்பது நாள் தாமதித்தீர்கள். நான் பதினான்கு வருடம் தாமதித்தேன். உங்களை என்ன சொல்லித் திட்டுவது? நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. மகளிடமும் சொன்னீர்களே, அந்தத் தைரியத்தைப் பார்த்துத்தான் நானும் வாணியிடம் உண்மையைச் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை பள்ளிக்குப் போகும்போது, "என்னப் பெத்தவங்க வேகமா ஓடுவாங்களா?" என்று கேட்டாள். "பஸ்ஸ விட்டுட்டா நல்லா ஓடுவா. நான் பின்னாலயே மூச்சு வாங்கிக்கிட்டு வருவேன்" என்றேன். சிரித்துவிட்டாள்.

வியாழக்கிழமை விசாரணையில் நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்தீர்கள். தீர்ப்பு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். உள்ளே நடந்ததைச் சொல்ல முடியவில்லை, இப்போது எழுதுகிறேன். தத்து உத்தரவு கிடைத்துவிட்டது, குடியுரிமை மனு இன்னும் காத்திருக்க வேண்டும் என்றார்கள். காத்திருப்போம். அதுவரை கிளப் பெயரில் ஓடட்டும். அடுத்த மாதம் அர்ச்சனாவும் அவளும் ஒன்றாக ஓடுகிறார்களாமே. இந்தத் தடவை லீவு கேட்டுவிட்டேன், நானும் பார்க்க வருகிறேன்.

நீதிபதி என்னைக் காட்டி வாணியிடம் மலாயில் கேட்டார், இவர் யார் என்று. மலாய் என்னைவிட நன்றாகப் பேசுகிறவள், அந்த நேரத்தில் தமிழில்தான் சொன்னாள்: "எங்கம்மா."

மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறப்பதற்குள் நீதிபதி எழுதிக்கொண்டார்.

உங்கள் அக்கா,
புஷ்பவல்லி