காப்புக் கட்டிய மூன்றாம் நாள்

உடப்பு
2017.07.02

அன்பின் லெய்லாவுக்கு,

நலம். அம்பாறைக்கு மாற்றலாகிப் போன பிறகு தாதி வேலை எப்படிப் போகிறது? உங்கள் உம்மாவின் கால்வலி குறைந்ததா?

போன வருடமே எழுதியிருக்க வேண்டும். நன்றி சொல்வது எனக்கு எளிதில் வருவதில்லை.

என் கணவர் குடிக்காமல் பதினொரு மாதமாகிறது. இனி எப்போதும் அப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஈரல் பழையபடி ஆகாது என்று வைத்தியர் சொன்னதை இவர் மறந்துவிட்டார், நான் மறக்கவில்லை. ஆனாலும் காலையில் கை நடுங்குவதில்லை. சவரம் செய்யும்போது கன்னத்தில் வெட்டு விழுவதில்லை. இதைப் பார்க்க எனக்குக் கிடைத்தது உங்களால்தான்.

ஒவ்வோர் ஆடியிலும் தீ மிதிக்கக் காப்புக் கட்டினால், பதினெட்டு நாளும் இவர் ஒரு சொட்டுக் குடிக்க மாட்டார். அதனால், நினைத்தால் விடக்கூடியவர் என்றே நம்பியிருந்தேன். வருடத்துக்கு வருடம் அளவு கூடியதையும், கடைசியில் விடியற்காலையிலேயே கசிப்புச் சாராயம் தேவைப்பட்டதையும் கண்டும் காணாமல் இருந்தேன்.

போன வருடம் மூன்றாம் நாள் கோயில் முன்றலில் இவர் நடுங்கினார். இல்லாத யாரையோ பார்த்துப் பேசினார். “அம்மன் வந்திருக்கா, தொடாதிங்க” என்று சொல்லி மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். நானோ நடிக்கிறார் என்று எண்ணித் தள்ளி நின்றேன். முதலுதவிக் கூடாரத்திலிருந்து ஓடிவந்து நாடி பிடித்துப் பார்த்தது நீங்கள் ஒருவர்தான். குடிப்பாரா என்று கேட்டீர்கள். ஊரார் முன் “இல்லை” என்றேன். “வெக்கத்தப் பொறகு பாருங்க டீச்சர், அவரு கடைசியா எப்ப குடிச்ச? உள்ளதச் செல்லுங்க” என்று அதட்டினீர்கள். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். வைத்தியசாலைக்குப் போகும் வழியிலேயே வலிப்பு வந்தது. என் பொய்யோடு அங்கேயே கிடந்திருந்தால் இன்று இவர் இல்லை.

வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்று விஞ்ஞானப் பட்டதாரியான எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இம்முறை காப்புக் கட்டுமுன் இதைப் பற்றிப் பேசக் கோயில் நிர்வாகத்தினர் எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். “அம்மனுக்கு முன்னால குடியப் பத்திக் கதைக்கிறதோ?” என்று ஒருவர் முறைத்தார். “குடிச்சிட்டு வந்து நிக்கலாம், கதைக்கக் கூடாதோ?” என்று இவரே கேட்டுவிட்டார்.

நீங்கள் ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். நடுக்கம், வியர்வை, இல்லாததைக் காண்பது, வலிப்பு எல்லாம் எளிய சொற்களில் இருக்கட்டும். குடியை விட வேண்டாம் என்று ஒருவரும் விளங்கிக்கொள்ளக் கூடாது. விடுவதற்கு முன் வைத்தியரிடம் போய் உள்ளதைச் சொல்ல வேண்டும், மருந்தோடு விட வேண்டும் என்பது விளங்கினால் போதும். கூட்டத்தில் என்னைப் போல ஒருத்தி வாயை மூடிக்கொண்டு நிற்பாள். அவளுக்காகத்தான் கேட்கிறேன்.

யாருக்கு நடந்தது என்று கேட்பார்கள். இருபத்து மூன்று வருடத்தில் இவருடைய பெயரை நான் வாயால் சொன்னதில்லை. நான் பேசும் நாளன்று சொல்லச் சொல்லி இவரே கேட்டிருக்கிறார். தில்லையம்பலம். எழுத வருகிறது. சொல்லவும் வரும்.

நாடி பிடித்த அந்தக் கைகள் நீண்ட காலம் சுகமாக இருக்கட்டும்.

என்றும் நன்றியுடன்,
மயூரதி