அவ வந்ததும் எழுப்பு

போனை எடுக்காத என் சின்னவளுக்கு,

அப்பாவை ஐசியூவுல இருந்து வலி குறைக்கிற வார்டுக்கு மாத்தினதும், "அவரைக் கைகழுவிட்டியாம்மா"ன்னு கேட்டே. அங்க மூக்குல குழாய், கட்டிலோட கட்டின கை. இங்க எல்லாத்தையும் கழட்டிட்டு வலிக்கு மட்டும் ஊசி போட்டாங்க. ரொம்ப நாளைக்கு அப்புறம் அசந்து தூங்கினார். முழிச்சதும், "இந்த நர்ஸ் உன்னைவிட நல்லா ஷேவ் பண்றா"ன்னு என்னை வம்புக்கு இழுத்தார்.

ஆனா ஊசி போட்டா பேச்சு குழறும். அதனால நேத்து சாயங்காலம் வேண்டவே வேண்டாம்னுட்டார்.

"வேலை முடிஞ்சு அவ கூப்பிடுவா. நான் குழறினா பயந்துடுவா."

போர்வையைக் கடிச்சுக்கிட்டு போனையே பார்த்துக்கிட்டு இருந்தார். எனக்குப் பொறுக்கல. "அவ பிளைட் ஏறிட்டா"ன்னு பொய் சொன்னேன்.

"அப்போ போடச் சொல்லு. அவ வந்ததும் எழுப்பு"ன்னார்.

முகம் சுளிக்காமதான் தூங்கினார். காலையில அந்த நர்ஸ் வந்து அவருக்கு ஷேவ் பண்ணிவிட்டு, ரொம்ப நேரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

உன்மேல கோவமில்லடி. இனி அவசரமும் இல்ல, நிதானமா வா. நீ வந்ததும் எழுப்பறேன்னு அவருக்கு வாக்கு கொடுத்திருக்கேன். அதுக்கு என்ன பண்றதுன்னுதான் தெரியல.

அம்மா